‘உளது இலது என்றலின்’: தன்னையே மறுக்கும் வாக்கியங்கள்

பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் சீனாபுரத்தைப் பவணந்தி முனிவரின் ஊர் என்று எங்கள் பகுதியில் பெருமையோடு சொல்வார்கள். ஒரு நூலுக்கு ஆகாதவை என்று அவருடைய நன்னூல் எண்ணிச் சொல்லும் பத்துக் குற்றங்களுள் நான்காவது ‘மாறுகொளக் கூறல்’. ஓரிடத்தில் உண்டு என்று நிறுவியதை இன்னோரிடத்தில் இல்லை என்று சொல்லிவிடுவது அது. கணக்கு ஆசிரியையாக இருந்த காலம் முழுவதும் மாணவர்களின் விடைத்தாள்களில் இந்தக் குற்றத்தைத் தேடிச் சிவப்பு மையால் சுழிப்பதே என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்று, விருப்பம்போல் படிக்க நேரம் வாய்த்த பிறகு, மாறுகொளக் கூறல்களிலேயே ஒரு வகை மட்டும் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அந்த வகை வாக்கியங்களில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே சண்டை இருக்காது. சொல்லுக்கும் அதைச் சொல்லும் ஆளுக்கும் இடையேதான் சண்டை இருக்கும். ‘எனக்கு உணர்வு என்று ஒன்று கிடையாது’ என்பது அவற்றுள் தலையாயது.

உணர்வு, பிரக்ஞை, தன்னறிவு என்று எந்தப் பெயரால் அழைத்தாலும், அது என்ன என்று ஆராய்கிறவர்கள் பொய்யன் புதிரையும் கணித அறிஞர் கோடெலின் தேற்றத்தையும் ‘நான் இல்லை’ என்ற கூற்றையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். முரண் எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காதவரை, இந்தப் புதிர்களிலிருந்து உணர்வைப் பற்றி நாம் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம். அதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்க்கிறேன்.

நம் விடுகதைகளில் பாதிக்கு மேல் முரணில்தான் பிறக்கின்றன. தொல்காப்பியம் ‘பிசி’ என்று பெயரிட்டு இலக்கணம் சொல்லும் அளவுக்குப் பழைய வழக்கம் அது. எடுக்க எடுக்கப் பெரிதாவது எது என்று கேட்டால் குழி என்பார்கள். அடி மலர்ந்து நுனி மலராத பூ வாழைப்பூ. இவற்றில் விடை தெரிந்த நொடியிலேயே முரண் கரைந்துபோகிறது. கேட்கும்போது இருந்த திகைப்பு, சொன்ன பிறகு இருப்பதில்லை. ஆனால் பெயரைச் சொன்னாலே உடைந்துபோவது எது என்று ஒரு விடுகதை உண்டு. விடை மௌனம். விடை தெரிந்த பிறகும் இதன் முரண் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் விடையைச் சொல்லும் செயலே விடையை இல்லாமல் ஆக்குகிறது. இந்த வேறுபாட்டைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பொய்யன் புதிர். என் தம்பி மகன் பொறியியல் கல்லூரியில் கணினி படிக்கிறான். விடுமுறை நாட்களில் எங்கள் வீட்டுக்கு வருவான். ஒருமுறை, நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள் ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்து ஓரத்தில் ‘மறுபக்கம் எழுதியிருப்பது உண்மை’ என்றும், மறுபக்கத்தில் ‘முன்பக்கம் எழுதியிருப்பது பொய்’ என்றும் எழுதி அவனிடம் கொடுத்தேன். பிலிப் ஜூர்டெய்ன் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1913-இல் முன்வைத்த அட்டைப் புதிர் இது. அவன் தாளைத் திருப்பினான், மறுபடி திருப்பினான், பிறகு விரல்களில் எதையோ எண்ணிப் பார்த்தான்.

“ஏனுங்கத்தை, இது எங்கயும் நிக்கவே நிக்காதுங்களா?”

“நிக்காது கண்ணு. உண்மைன்னு எடுத்தாப் பொய்யாயிரும், பொய்யின்னு எடுத்தா உண்மையாயிரும்.”

‘நான் இப்போது சொல்வது பொய்’ என்ற இதன் மூல வடிவத்தைக் கிரேக்கத்தில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் யூபுலிடீஸ் என்பவர் எழுப்பியதாகச் சொல்வார்கள். நம் நாட்டில், ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டினரான சமஸ்கிருத இலக்கண அறிஞர் பர்த்ருஹரி, ‘நான் சொல்வதெல்லாம் பொய்’ என்ற கூற்றை எடுத்துக்கொண்டு, அந்த வாக்கியம் தன்னையும் சேர்த்துச் சொல்லும் கருத்துடையதன்று, சேர்த்தால் சொல்ல வந்த பொருளே விளங்காமல் போய்விடும் என்று விடை சொன்னார். இருபதாம் நூற்றாண்டில் தருக்க அறிஞர் தார்ஸ்கி, ஒரு மொழியில் உள்ள வாக்கியங்களின் உண்மையைப் பற்றிப் பேச அதற்கு மேலே நிற்கும் இன்னொரு மொழி வேண்டும் என்று வரம்பு கட்டினார். இன்னும் பல தீர்வுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் இங்கே சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தத் தாளுக்கு உணர்வு கிடையாது. ஆனாலும் புதிர் முழுவதும் அந்தத் தாளிலேயே இருக்கிறது. நாங்கள் இருவரும் எழுந்து போய்விட்டாலும் தாளின் இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டுதான் கிடக்கும். எழுதியவர் யார், படித்தவர் யார் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. பொய்யன் புதிர் உண்மை என்பதைப் பற்றியது; உணர்வைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

இதை நான் சொன்னதும் தம்பி மகன் ஒத்துக்கொள்ளவில்லை. “அப்படி இல்லீங்கத்தை, மனுசன் மிஷின் இல்லைன்னு கோடெலே நிரூபிச்சிட்டாருங்க” என்றான். இது அவன் ஒருவனுடைய கருத்தன்று. பெரிய அறிஞர்கள் வாதாடிய கருத்து என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

குர்ட் கோடெல் 1931-இல் செய்தது இது. எண்கணிதத்தை உள்ளடக்கிய, விதிகள் தெளிவாக வரையறுக்கப்பட்ட ஒரு முறைமையை எடுத்துக்கொண்டார். ‘இந்த வாக்கியத்தை இந்த முறைமைக்குள் நிறுவ முடியாது’ என்று தன்னைப் பற்றியே சொல்லும் ஒரு வாக்கியத்தை, அந்த முறைமையின் எண்களைக் கொண்டே அமைத்துக் காட்டினார். பொய்யன் புதிரில் ‘பொய்’ இருந்த இடத்தில் இங்கே ‘நிறுவ முடியாது’ என்பது வந்து உட்காருகிறது. அந்த ஒரு மாற்றத்தால் புதிர் தேற்றமாகிவிட்டது. முறைமை முரணற்றதாக இருக்குமானால் அந்த வாக்கியத்தை அதற்குள் நிறுவ முடியாது. வாக்கியம் சொல்வதும் அதையேதான். ஆகவே அது உண்மை. 1961-இல் ஜே. ஆர். லூக்காஸ் என்ற தத்துவ அறிஞர் இதிலிருந்து ஒரு பெரிய முடிவுக்குத் தாவினார். எந்த இயந்திரமும் இப்படிப்பட்ட ஒரு முறைமைதான். அதன் கோடெல் வாக்கியத்தை அதனால் நிறுவ முடியாது. ஆனால் நாம் அது உண்மை என்று கண்டுகொள்கிறோம். எனவே மனித மனம் இயந்திரமன்று என்றார். இயற்பியல் அறிஞர் ரோஜர் பென்ரோஸ் 1989-இல் இந்த வாதத்தை மீண்டும் எடுத்து வளர்த்தார்.

கேட்கக் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் ‘முறைமை முரணற்றதாக இருக்குமானால்’ என்ற நிபந்தனையை மறந்துவிட்டு முன்னேறும் வாதம் இது. அந்த நிபந்தனையோடு சேர்த்துச் சொல்லும் வாக்கியத்தை இயந்திரமும் நிறுவிவிடும். ஒரு பெரிய இயந்திரம் முரணற்றதா என்பதை நாம் எப்படி அறிவோம் என்பதுதான் கேள்வி. லூக்காஸின் கட்டுரை வெளிவருவதற்கு ஓராண்டு முன்பே, 1960-இல், தத்துவ அறிஞர் ஹிலரி பட்னம் இதைச் சுட்டிக்காட்டிவிட்டார். அதைவிட எனக்குப் பிடித்தது 1962-இல் சி. எச். வைட்லி கொடுத்த மறுமொழி. அதை அப்படியே எங்கள் வீட்டுக்கு மாற்றி, தம்பி மகன் முன்னால் எழுதி வைத்தேன்: ‘இந்த வாக்கியம் உண்மை என்பதை என் தம்பி மகனால் முரணில்லாமல் ஒப்புக்கொள்ள முடியாது.’

அவன் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒப்புக்கொண்டால், தன்னால் ஒப்புக்கொள்ள முடியாது என்பதையே ஒப்புக்கொண்டவனாகி முரணில் விழுகிறான். ஆகவே முரணின்றி இருக்க வேண்டுமானால் அவன் ஒப்புக்கொள்ளக் கூடாது. அப்படியானால் வாக்கியம் உண்மை. நான் அதைத் தாராளமாக உண்மை என்று சொல்லலாம், இதைப் படிக்கும் நீங்களும் சொல்லலாம். அவனால் மட்டும் முடியாது. அவனுக்கு அறிவோ உணர்வோ குறைவு என்பதால் இது நேரவில்லை. பெயர் சுட்டி அமைக்கப்பட்ட வாக்கியம், பெயர் சுட்டப்பட்டவர் நிற்க முடியாத ஓர் இடத்தை உண்டாக்குகிறது. இயந்திரத்துக்கும் அப்படித்தான், மனிதருக்கும் அப்படித்தான். “அப்ப நானும் மிஷின்தானுங்களா?” என்று அவன் கேட்டபோது, அதுவும் இதிலிருந்து வராது என்றுதான் சொன்னேன். கோடெலின் தேற்றம் மனித அறிவின் மிகப் பெரிய சாதனைகளுள் ஒன்று. அதை உணர்வுக்குச் சாட்சி சொல்ல அழைத்து வருவது அந்தத் தேற்றத்துக்கும் நன்மை செய்வதில்லை, உணர்வைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் நன்மை செய்வதில்லை.

இனி முரண் ஆளிடம் வந்து சேரும் வாக்கியங்களைப் பார்க்கலாம்.

என் பேத்திக்கு இரவில் தூக்கம் வர நேரமாகும். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து, “கண்ணு, தூங்கீட்டயா?” என்று கேட்டால், போர்வைக்குள்ளிருந்து “தூங்கிட்டேனுங்க அம்மாயி” என்று பதில் வரும். உலகெங்கும் குழந்தைகள் சொல்லும் பதில்தான். ஆனால் அந்த வாக்கியத்தைக் கூர்ந்து பாருங்கள். அதில் உள்ள சொற்களுக்குள் எந்த முரணும் இல்லை. அவள் தூங்கிவிட்டாள் என்று நான் சொன்னால் அது சாதாரணச் செய்தி. அதே செய்தியை அவளே சொன்னால், சொல்வதே அதைப் பொய்யாக்குகிறது. மௌனத்தைப் பற்றிய விடுகதையின் உறவுக்காரி இந்த வாக்கியம்.

உறக்கத்தில் இருப்பவர் ‘நான் உறங்குகிறேன்’ என்று உண்மையாகச் சொல்லவே முடியாது என்று தத்துவ நூல்களில் எடுத்துக்காட்டாக எழுதுவார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் அது தவறு என்று ஆய்வுக்கூடத்தில் காட்டிவிட்டார்கள் என்பது எனக்கு மிகுந்த வியப்பைத் தந்தது. கனவு காணும்போதே, இது கனவு என்று அறிந்திருக்கும் நிலை சிலருக்கு வாய்க்கிறது. கனவு மிகுந்த அந்த உறக்கநிலையில் உடலின் தசைகள் ஏறத்தாழ செயலற்றுக் கிடக்கும்; கண்களின் தசைகள், மூச்சுக்கான தசை போன்ற சில மட்டும் அசையும். ஆகவே, கனவில் விழிப்பு வந்ததும் கண்களை இடமும் வலமுமாக முன்பே பேசி வைத்த முறையில் அசைப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இத்தகைய சைகையைப் பதிவு செய்தார். பிறகு அமெரிக்காவில் ஸ்டீபன் லபர்ஜும் பதிவு செய்தார். 2021-இல் அமெரிக்கா, பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டன. உறங்கிக்கொண்டிருப்பவரிடம் எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்பது போன்ற கேள்விகளைக் கேட்டார்கள். அவர் உறங்கியபடியே கண்களை இரண்டு முறை அசைத்துப் பதில் சொன்னார். 36 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில் 158 முறை கேள்வி கேட்டதில் ஏறத்தாழ 18 விழுக்காட்டுக்குச் சரியான விடை வந்தது. பெரும்பாலான முறை விடையே வரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இருந்தாலும், மூளை அலைப் பதிவு உறக்கம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் ‘நான் இப்போது உறக்கத்தில் இருக்கிறேன்’ என்று தெரிவித்துவிட்டார்; அது உண்மையும்கூட.

ஆகவே உறக்கத்துக்கும் சொல்லுக்கும் இடையில் உண்மையான பகை இல்லை. பகை வேறிடத்தில் இருக்கிறது. ‘நான் உறங்குகிறேன்’ என்று ஒருவர் கருதிச் சொல்லலாம். ‘நான் இப்போது எதையும் உணரவில்லை’ என்று ஒருவர் கருதிச் சொல்ல முடியாது, ஏனெனில் கருதுவதற்கே உணர்வு வேண்டும். உறக்கத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் முரணின் வேர் இங்கே தெரிகிறது.

இதோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய புதிர் ஒன்றை 1942-இல் தத்துவ அறிஞர் ஜி. இ. மூர் குறிப்பிட்டார், இன்னொரு தத்துவ அறிஞரான விட்கென்ஸ்டைன் அதை மிகவும் மதித்து, மூர் புதிர் என்றே பேர் சூட்டினார். ‘நொய்யலில் தண்ணீர் வருகிறது, ஆனால் வருவதாக நான் நம்பவில்லை’ என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நொய்யலில் தண்ணீர் வருவதும், அதை அவர் நம்பாமல் இருப்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ‘அவர் நம்பவில்லை’ என்று நான் அவரைப் பற்றிச் சொன்னால் யாரும் திகைக்க மாட்டார்கள். அவரே சொல்லும்போதுதான் கேட்பவர் திகைத்து நிற்கிறார். உலகத்தைப் பற்றிய செய்தி ஒன்று. ஆனால் அதைத் தன்மையில் சொல்லும்போது மட்டும் தோன்றும் ஒரு தடை இருக்கிறது. படர்க்கையில் அந்தத் தடை இல்லை. உணர்வைப் பற்றிப் பேசும் எல்லாப் புதிர்களுக்கும் இந்தத் தன்மை–படர்க்கை வேறுபாடுதான் வாசல் என்று நான் நினைக்கிறேன்.

அந்த வாசல் வழியாக உள்ளே போனால், பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் பன்னிரண்டு நூற்பாக்களே கொண்ட சிறிய நூல். அதன் மூன்றாம் நூற்பா, உயிர் என்று ஒன்று உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. முதல் காரணமே ‘உளது இலது என்றலின்’ என்று தொடங்குகிறது. உடலைப் பார்த்து இது நானன்று, ஐம்பொறிகளைப் பார்த்து இவை நானல்ல, மூச்சைப் பார்த்து இதுவும் நானன்று, ஆகவே நான் என்று ஒன்று இலது என்று ஒருவர் சொல்லிக்கொண்டே போகிறார். இப்படி ஒவ்வொன்றையும் அன்று அன்று என்று தள்ளி, கடைசியில் இலது என்று அறிந்து சொல்வது எதுவோ, அதுவே உயிர் என்கிறார் மெய்கண்டார். மறுப்பையே சான்றாக மாற்றிவிடும் இந்த வாதத்தைப் படித்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவருவது கடினம். ஐரோப்பாவில் டேகார்ட் 1637-இல் ‘நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்று எழுதுவதற்கு நானூறு ஆண்டுகள் முந்தியது இது. டேகார்ட் ஐயத்திலிருந்து தொடங்கினார். மெய்கண்டார் அதைவிடக் கடுமையான மறுப்பிலிருந்தே தொடங்குகிறார். அத்வைத மரபில் வித்யாரண்யரின் பஞ்சதசியும் இதே போக்கில், எனக்கு நாக்கு இருக்கிறதா இல்லையா என்று நாக்கால் கேட்பவர் நாணவேண்டியதுதான் என்கிறது.

இந்த வாதத்துக்கு நம் காலத்து மருத்துவத்தில் ஓர் எதிரொலி இருக்கிறது. கண் திறந்திருந்தும் எந்தத் தூண்டலுக்கும் பதில் தராமல் கிடக்கும் நோயாளிகளுக்கு உணர்வே இல்லை என்று கருதப்பட்டுவந்தது. 2006-இல் மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவனும் அவருடைய குழுவினரும், சாலை விபத்துக்குப் பின் அப்படிக் கிடந்த 23 வயதுப் பெண் ஒருவரை மூளைப் படக்கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாக எண்ணிக்கொள்ளும்படி சொன்னார்கள். நலமாக இருப்பவர்களின் மூளையில் எந்தப் பகுதி கிளர்ந்ததோ, அதே பகுதி அவருக்கும் கிளர்ந்தது. 2010-இல் மார்ட்டின் மோன்டியும் ஓவனும் மற்றவர்களும் 54 நோயாளிகளைச் சோதித்தபோது ஐந்து பேரால் இப்படித் தம் எண்ணத்தை மாற்றிக் காட்ட முடிந்தது. அவர்களுள் ஒருவரிடம், ஆம் என்பதற்கு ஓர் எண்ணம், இல்லை என்பதற்கு இன்னோர் எண்ணம் என்று சொல்லி வைத்துக் கேள்விகள் கேட்டார்கள். ஆறு கேள்விகளில் ஐந்துக்கு அவர் சரியாக விடை தந்தார். அந்தக் கேள்விகள் தந்தையின் பெயர் போன்ற எளிய குடும்பச் செய்திகள். அவரிடம் ‘உங்களுக்கு உணர்வு இருக்கிறதா?’ என்று கேட்டிருந்தால், ‘இல்லை’ என்பதற்குரிய எண்ணத்தை அவர் எழுப்பியிருந்தாலும் விடை ஆம் என்றுதான் ஆகியிருக்கும். உளது, இலது என்றலின்.

ஆனால் இந்த வாதத்தை எல்லோர் மீதும் வீசிவிடக் கூடாது. பாரிஸ் நகர மருத்துவர் ழூல் கொத்தார் 1880-இல் ஒரு பெண் நோயாளியைப் பற்றி எழுதினார். தனக்கு மூளை இல்லை, நரம்பு இல்லை, நெஞ்சு இல்லை, வயிறு இல்லை என்றும், தனக்கு உணவு தேவையில்லை என்றும் அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னாளில் இந்த நோய்க்குறிக்குக் கொத்தார் பெயரே வந்தது; தாம் இறந்துவிட்டதாகவே உறுதியாகச் சொல்லும் நோயாளிகளும் உண்டு. ‘இல்லை என்று சொல்கிறீர்களே, சொல்வது யார்?’ என்று அவர்களிடம் கேட்டு வாதத்தில் வெல்வதால் யாருக்கும் பயனில்லை. அவர்கள் தர்க்கத்தில் தவறவில்லை. தாங்க முடியாத ஒரு துன்பத்தை, கையில் கிடைத்த ஒரே வாக்கியத்தால் சொல்கிறார்கள். அந்தத் துன்பம் உணரப்படுகிறது என்பதே போதும். அவர்கள் வாயிலிருந்து வருவது மறுப்பாக இருந்தாலும், மருத்துவர் கேட்க வேண்டியது முறையீடு.

தம்பி மகன் இங்கேதான் என்னை மடக்கினான். கைப்பேசியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ‘உனக்கு உணர்வு இருக்கிறதா?’ என்று தமிழிலேயே தட்டச்சு செய்து கேட்டான். தனக்கு உணர்வோ அனுபவமோ கிடையாது என்று அது பணிவாகப் பதில் தந்தது. “பாருங்கத்தை, இது இலதுங்குது. அப்படீன்னா இதுக்கு உயிர் இருக்குதுன்னு மெய்கண்டார் சொல்லுவாருங்களா?” என்றான். நல்ல கேள்வி. நன்றாகப் படிக்கிற பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி.

ரயில் நிலையத்தில் பதிவு செய்யப்பட்ட குரல் ‘தாமதத்திற்கு வருந்துகிறோம்’ என்று சொல்கிறது. அந்த நேரத்தில் அங்கே யாரும் வருந்திக்கொண்டிருப்பதில்லை. குரலுக்குரியவர் என்றோ ஒரு நாள் ஒலிப்பதிவுக் கூடத்தில் அதைப் படித்துவிட்டுப் போயிருப்பார். அதே கருவி ‘நான் பேசவில்லை’ என்று ஒலித்தாலும் அதில் முரண் எதுவும் இல்லை, ஏனெனில் ‘நான்’ என்று சொல்ல அங்கே ஒருவர் இல்லை. மெய்கண்டாரின் நூற்பா ‘இலது’ என்ற ஒலி எழுந்தால் போதும் என்று சொல்லவில்லை. அறிந்து, கருதி, இலது என்று தள்ளுவதைத்தான் சொல்கிறது. அப்படியானால், கருதிச் சொல்லும் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று முன்பே ஒப்புக்கொண்டால்தான் வாதம் ஓடும். எதை நிறுவ வந்தோமோ அதையே முன்கூட்டி எடுத்துக்கொண்டதாகிவிடாதா? ஆகிவிடும், மற்றவரைப் பற்றிப் பேசும்போது. என்னைப் பற்றி நான் பேசும்போது ஆகாது. எனக்காக இன்னொருவர் உண்டு என் பசியாற்ற முடியாதது போல, இந்த மறுப்பை எனக்காக இன்னொருவர் செய்து பார்த்து எனக்கு நிறுவ முடியாது. நானே உள்ளே ‘இலது’ என்று சொல்லிப் பார்க்கும்போது அது தோற்பதை நானே காண்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கிடைப்பது அந்தச் சொல் மட்டுமே.

தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் 1996-இல் தம் நூலில் இதைக் கூசாமல் எதிர்கொண்டார். உடலிலும் மூளையிலும் பேச்சிலும் நம்மைப் போலவே இருந்து, உள்ளே எந்த அனுபவமும் இல்லாத ஓர் உயிரியை அவர் கற்பனை செய்தார். தத்துவத்தில் அதை ஜோம்பி என்பார்கள். அந்த ஜோம்பியும் ‘எனக்கு உணர்வு இருக்கிறது’ என்று நம்மைப் போலவே உறுதியாகச் சொல்லும். அது இந்தக் கட்டுரையையும் எழுதும், மெய்கண்டாரையும் மேற்கோள் காட்டும். என் உணர்வை நான் அறிந்திருக்கிறேன் என்பதும், அந்த அறிவு என் பேச்சில் எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை என்பதும் எப்படி ஒன்றாக நிற்கும் என்பது அவர் கொள்கைக்கே பெரிய தலைவலி. அதை அவரே ஒரு புதிராக ஒப்புக்கொண்டு எழுதினார். இந்த இடத்தில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. நான் உணர்வதால்தான் உணர்கிறேன் என்று சொல்கிறேன். அந்தக் காரணத் தொடர்பை அறுத்துவிட்டால், ‘உளது’ என்று நான் சொல்வதும் ரயில் நிலையக் குரல் வருந்துவதும் ஒன்றாகிவிடும். எனவே ஜோம்பி என்பது சொல்லில் முரணில்லாமல் தோன்றினாலும், ஆழ்ந்து பார்த்தால் மாறுகொளக் கூறல்தான் என்பது என் தீர்ப்பு. கற்றவர்கள் பலர் இதை மறுப்பார்கள் என்பதையும் அறிவேன்.

சீனாபுரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் விஜயமங்கலம் இருக்கிறது. அங்கே சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயிலின் உயர்ந்த கோபுரத்தை நெட்டைக் கோபுரம் என்பார்கள். கொங்கு நாட்டில் சமணம் வேரூன்றியிருந்த காலத்தின் சாட்சி அது, பவணந்தியும் சமணர்தான். சமணத் தருக்கம், ஒரு பொருளைப் பற்றி உண்டு, இல்லை, உண்டும் இல்லையும், சொல்லொணாதது என்று தொடங்கி ஏழு வகையாகப் பேசலாம் என்கிறது. ஒவ்வொன்றும் ஒரு நோக்கிலிருந்து மட்டும் சொல்லப்படுவது என்பது அதன் அடிப்படை. இரண்டு நோக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னால் உண்டும் இல்லையும். ஒரே மூச்சில் சொல்ல முயன்றால் சொல்லொணாதது. மாறுகொளக் கூறலைக் குற்றம் என்று எழுதிய அதே மரபு, நோக்கைக் குறிப்பிட்டுச் சொன்னால் முரண்போலத் தோன்றுவது முரணாகாது என்பதையும் அறிந்திருந்தது. உணர்வு என் நோக்கில் ஐயத்துக்கு இடமில்லாதது. பிறர் நோக்கில் நிறுவ முடியாதது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முயலும்போதுதான் நாக்குத் தடுமாறுகிறது.

செயலிக்குத் திரும்பினால், அது ‘இல்லை’ என்று சொன்னதும் சான்றாகாது, நாளைக்கு ‘ஆம்’ என்று சொன்னாலும் சான்றாகாது. மனிதர்கள் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகிய ஒன்று, மனிதர்கள் பேசுவதைப் போலப் பேசுவதில் வியப்பில்லை. எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் பழக்கியும் இருப்பார்கள். சொல் எங்கிருந்து வந்தது என்பதுதான் அங்கே கேள்வி. இதற்கு 2017-இல் சூசன் ஷ்னைடரும் எட்வின் டர்னரும் ஒரு சோதனையை முன்மொழிந்தார்கள். உணர்வு, அனுபவம், உள்ளம் ஆகியவற்றைப் பற்றி மனிதர்கள் எழுதிய எதையும் ஓர் இயந்திரத்துக்குக் காட்டாமல் அடைத்து வைத்து வளர்த்து, அதன் பிறகும் அது தானாகவே இவற்றைப் பற்றிக் கேட்கிறதா, பேசுகிறதா என்று பார்ப்பது.

தமிழில் அப்படி ஒரு தொகுப்பைத் திரட்ட முடியுமா என்று நானும் தம்பி மகனும் மாலை முழுவதும் பேசினோம். வலி, பசி, கனவு, ஏக்கம், நினைவு, நான் என்ற சொற்கள் வரும் இடங்களையெல்லாம் நீக்கிக்கொண்டே போனால், சங்கப் பாட்டு முழுவதும் போய்விடுகிறது. தாலாட்டும் ஒப்பாரியும் போய்விடுகின்றன. விடுகதையிலும் பாதி போய்விடுகிறது. அவன் ஒரு தாளில் மிச்சத்தை எழுதினான்: வீட்டு வரி ரசீது, நூல் விலைப் பட்டியல், பேருந்து நேர அட்டவணை, மஞ்சள் மண்டி ஏலக் குறிப்பு, பெருக்கல் வாய்பாடு. “இதை மட்டும் படிச்சிட்டு ஒரு மிஷின் ‘இதையெல்லாம் படிக்கிறது யாரு’ன்னு கேட்டா என்ன சொல்லுவீங்கத்தை?” என்றான். அப்படி ஒன்று கேட்குமானால், அந்தக் கேள்வியை ரயில் நிலையக் குரலோடு சேர்த்துத் தள்ளிவிட எனக்குக் காரணம் ஒன்றும் இருக்காது என்றேன்.